மஹ்ரீனின் பெட்டியும் முடுக்குக் கொடியும்

2007ஆம் வருஷம் ரம்ஜான் மாதத்தில், விருதுநகரிலிருந்து ஆமத்தூர் வழியாகச் சிவகாசி போகும் காலை ஏழே முக்கால் பஸ்ஸில் ஏறினவர்கள் அந்தப் பெண்ணைப் பார்த்திருப்பார்கள். மடியில் ஒரு கட்டு வேஸ்ட் தாள் வைத்திருப்பாள். ஒரு பக்கம் கோணல்மாணலாக அச்சாகிப்போன பஸ் டிக்கெட், மறுபக்கம் பொடிப்பொடியாக இங்கிலீஷ். அந்த மறுபக்கத்தைத்தான் உதடு அசைய வாசித்துக்கொண்டு வருவாள். ஏதோ பரீட்சைக்குப் படிக்கிறாள் போல என்று பக்கத்தில் உட்காருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். பரீட்சைதான். ஆனால் தேதி குறித்தது பல்கலைக்கழகம் இல்லை, திருத்தங்கலில் அச்சகம் நடத்தும் லட்சுமிகாந்தம் அண்ணாச்சி.

அவள் பெயர் மஹ்ரீன். வயது இருபத்தேழு. அத்தா அப்துல் ஹலீமுக்கு விருதுநகரில் வத்தல் கமிஷன் கடை. எம்.சி.ஏ. முடித்த மகளைச் சென்னைக்கு அனுப்ப அவருக்கு மனசு வரவில்லை; வீட்டில் சும்மா உட்கார அவளுக்கு மனசு வரவில்லை. கடைசியில் இரண்டு பேருக்கும் பொதுவாக அமைந்தது திருத்தங்கல் அச்சகத்தில் டிடிபி வேலை. கல்யாணப் பத்திரிகை, காலண்டர், பட்டாசுப் பெட்டி லேபிள் என்று நாள் முழுக்கக் கம்ப்யூட்டரில் எழுத்துக் கோத்துக்கொண்டிருக்க வேண்டும். 'நிகழும் மங்களகரமான' என்று எத்தனை ஆயிரம் தடவை அடித்தாளோ, அவளுக்கும் அந்த விசைப்பலகைக்கும்தான் தெரியும். ஒரு கட்டத்தில் அந்த நாற்காலியைப் பார்த்தாலே கொட்டாவி வர ஆரம்பித்துவிட்டது.

கொட்டாவியிலிருந்து பிறந்ததுதான் பெட்டி. அண்ணாச்சிக்குப் பஸ் டிக்கெட் ஆர்டர்கள் வரும். டிக்கெட்டில் நம்பர் மாறிவிடக் கூடாது. நம்பர் அடிக்கிற சக்கரம் எப்போதாவது சிக்கி ஒரே எண்ணை இரண்டு தரம் அடித்துவிட்டால், மொத்தக் கட்டும் திரும்பி வந்துவிடும். அதைக் கண்ணால் பார்த்துச் சரிபார்க்க ஆறு பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சாயங்காலம் ஆனால் ஆறு பேருக்கும் கண் சிவந்துவிடும். மஹ்ரீன் ஒரு கேமராவையும் ஒரு பழைய கம்ப்யூட்டரையும் சேர்த்து ஒரே பெட்டியாகப் பூட்டினாள். அச்சாகி வரும் தாளைக் கேமரா நாற்பது துண்டாகப் படம் பிடிக்கும், கம்ப்யூட்டர் எண்களை வாசிக்கும், சரியாக இருந்தால் பச்சை விளக்கு போடும். பச்சை விழுந்தால்தான் மெஷின் அடுத்த தாளை இழுக்கும். அந்தக் கேமராவோடு பேச, கம்ப்யூட்டரை இயக்குகிற லினக்ஸின் உள்வயிறான கெர்னலுக்குள் போய் அவளே நிரல் எழுத வேண்டியிருந்தது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. முட்டி மோதி எழுதினாள். ஆறு பெண்களும் கண்வலி இல்லாத பைண்டிங் பக்கம் போனார்கள்.

இரண்டு வருஷம் பெட்டி கல்லு மாதிரி ஓடியது. மெஷின் ஓட்டுகிற பெத்தணன் ஆரம்பத்தில் 'ஒம் பெட்டி' என்றுதான் சொல்வார். ஆறே மாதத்தில் அது 'நம்ம பெட்டி' ஆகிவிட்டது. மஹ்ரீன் டிடிபி நாற்காலிப் பக்கம் போவது குறைந்தது. சிவகாசியிலிருந்து இன்னும் இரண்டு அச்சகக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அந்த 2007ஆம் வருஷம்தான் அண்ணாச்சிக்கு ஆசை பெருத்தது. வேகமான புது மெஷின் வாங்கினார். அதற்குப் பழைய கம்ப்யூட்டர் ஈடு கொடுக்காது என்று மஹ்ரீன் சொல்ல, ஒரே சில்லுக்குள் இரண்டு மூளை வைத்த புதுக் கம்ப்யூட்டரும் வந்து இறங்கியது. அதே நிரலை அதில் ஏற்றினாள். மின்னல் வேகம். பெத்தணன் வெற்றிலையை மெல்ல மறந்து நின்று பார்த்தார். மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்குப் பெட்டி அப்படியே நின்றுவிட்டது.

எதுவும் கெட்டுப்போகவில்லை, அதுதான் கொடுமை. மெஷின் பச்சை விளக்குக்காகக் காத்திருக்கிறது. எண் வாசிக்கிற நிரலோ, துண்டு வந்தால் யாராவது எழுப்புவார்கள் என்று நிம்மதியாகத் தூங்குகிறது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். இரண்டு நாள் கழித்து மறுபடியும் நிற்கும். ஒரு மூளையை அணைத்துவிட்டு ஓட்டினால் நிற்கவே இல்லை. ஆனால் அந்த வேகத்தில் ஓட்டினால் ஆர்டர் தீபாவளிக்குக்கூட முடியாது.

மூன்றாவது தடவை நின்றது ஒரு திங்கட்கிழமை. புது ஆர்டர், பத்து லட்சத்துக்கு மேல் டிக்கெட். பாதி முடிந்திருந்தது. அண்ணாச்சி கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று மஹ்ரீன் பிறகு சொல்வாள்.

"மஹ்ரீனு, வியாளக்கெளமை சாயங்காலம் லோடு போயாகணும். அதுக்குள்ள இன்னொரு வாட்டி இது நின்னுச்சுன்னா கழட்டி வச்சிருவேன். அந்தப் பொம்பளைகளைத் திரும்பக் கூப்பிட்டு உக்கார வச்சுக்கிறேன். நீ பழையபடி டிடிபில உக்காந்துக்கோம்மா."

அந்தக் கடைசி 'ம்மா'வில்தான் அவளுக்கு விஷயம் புரிந்தது. இரக்கப்பட்டுச் சொல்கிறார். அப்படியென்றால் முடிவு பண்ணிவிட்டார்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்து நடந்ததைத் திரும்பத் திரும்ப யோசித்தாள். நின்றுபோன மூன்று தடவையும் நினைவகத்துக்குள் நுழைந்து பார்த்திருந்தாள். மூன்று தடவையும் நாற்பதாவது துண்டு, அதாவது தாளின் கடைசித் துண்டு, வந்து சேர்ந்து பத்திரமாக உட்கார்ந்திருந்தது. நடுத்துண்டில் எழுப்பத் தவறினால் அடுத்த துண்டு வந்து எழுப்பிவிடும், யாருக்கும் தெரியாது. கடைசித் துண்டில் தவறினால், பச்சை விழாமல் மெஷின் தாளை இழுக்காது, அடுத்தது வராது. அதுவரை சரி. ஆனால் ஏன் தவற வேண்டும்?

அவள் எழுதிய முறை இதுதான். கேமராப் பக்கம், துண்டு வந்ததும் 'துண்டு வந்தாச்சு' என்று ஓர் எண்ணை மாற்றி எழுதும், பிறகு வாசிக்கிறவன் தூங்குகிறானா என்று பார்க்கும், தூங்கினால் எழுப்பும். வாசிக்கிற பக்கம், 'நான் தூங்கப் போறேன்' என்று எழுதும், பிறகு துண்டு ஏதும் வந்திருக்கிறதா என்று பார்க்கும், இல்லையென்றால் தூங்கும். யார் முந்தினாலும் யாராவது ஒருவர் மற்றவர் எழுதியதைப் பார்த்தே ஆக வேண்டும். கணக்கு அப்படித்தான் சொல்கிறது. போதாததற்கு இரண்டு எண்ணையும் அவள் அட்டாமிக் வகையாக வேறு வைத்திருந்தாள். அட்டாமிக் என்றால் பாதி எழுதியும் பாதி எழுதாமலும் யார் கண்ணிலும் படாது. இதற்கு மேல் என்ன பாதுகாப்பு வேண்டும் என்பது அவள் எண்ணம்.

கெர்னலோடு சேர்ந்தே வரும் ஒரு விளக்கக் கோப்பு மூளைகளுக்கு நடுவில் நினைவக வரிசை பற்றிப் பேசுகிறது என்று கண்டுபிடித்து, அதைத்தான் வேஸ்ட் தாளின் முதுகில் அச்சடித்துப் படித்துக்கொண்டிருந்தாள். அறுபது பக்கம். எழுதிய வரிசையில் எல்லாம் நடக்கும் என்று நம்பாதே என்று பக்கத்துக்குப் பக்கம் சொல்கிறது. படிக்கும்போது புரிகிறது. தாளை மூடினால் ஓடிப்போய்விடுகிறது. நோன்பு வயிறு வேறு.

செவ்வாய்க்கிழமை காலை அவள் அச்சகத்துக்குள் நுழையும்போதே பின்பக்கம் ஒரே சத்தம். அங்கே ஒரு முடுக்கு உண்டு, குறுகலான சந்து. இரண்டு பக்கமும் பட்டாசுக் குடோன்களின் உயரமான மதில், நடுவில் ஒரு வளைவு. ஒரு வேன்தான் போக முடியும், எதிரே வருவது தெரியாது. பட்டாசு லோடு ஏற்றிய வண்டி ரிவர்ஸ் எடுக்கக் கூடாது என்பது அந்த வட்டாரத்துக் கட்டுப்பாடு. அதனால் முடுக்கின் இரண்டு முனையிலும் மதிலைவிட உயரமாக ஒரு கம்பம் நட்டு, கயிறு கட்டி, சிவப்புத் துணி வைத்திருந்தார்கள். உள்ளே போகிறவன் முதலில் தன் கொடியை ஏற்ற வேண்டும், பிறகு எதிர்க் கொடியைப் பார்க்க வேண்டும். எதிர்க் கொடி பறந்தால் நின்றுவிட வேண்டும். வருஷக்கணக்காக இப்படித்தான் நடக்கிறது.

அன்றைக்கு நடு வளைவில் இரண்டு வேன்கள் மூக்கோடு மூக்கு உரசி நின்றன. ஒன்று அண்ணாச்சியுடையது, டிரைவர் கோட்டைச்சாமி. இன்னொன்று பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியுடையது, டிரைவர் நாகையா. இரண்டு பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"ஏலே, நான் கொடி ஏத்திட்டுத்தாம்லே பாத்தேன். ஒங் கொடி அங்கன இல்ல" என்றார் கோட்டைச்சாமி.

"நானுந்தாம்லே ஏத்திட்டுப் பாத்தேன். ஒங் கொடிதான் இல்ல" என்றார் நாகையா.

ஆளுக்கு ஆள் பொய்யன் என்றார்கள். குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்தார்கள். இப்போது இரண்டு கொடியும் மேலே ஜம்மென்று பறந்துகொண்டிருந்தன, கூட்டமே அண்ணாந்து பார்த்துக் குழம்பியது. அப்போது கோட்டைச்சாமியின் கிளீனர் கருப்பணன், ஐம்பது வயதுக்காரர், மெல்ல வாயைத் திறந்தார். தான் கயிற்றை இழுத்துக்கொண்டிருக்கும்போதே வண்டி கிளம்பிவிட்டது என்றார். துணி மதிலுக்கு மேலே போய்ச் சேரக் கொஞ்ச நேரம் பிடிக்கும் இல்லையா என்றார். நாகையாவின் கிளீனரும் தலையை ஆட்டினார்.

பழைய நாளில் கிளீனர் கிடையாது. டிரைவரே இறங்கிக் கொடியை ஏற்றி, முடிச்சுப் போட்டு, அப்புறம்தான் நிமிர்ந்து பார்ப்பார். இப்போது சீசன் அவசரம். 'கொடி ஏத்து' என்று கிளீனரிடம் சொல்லிவிட்டு, டிரைவர் இருந்த இடத்திலிருந்தே எதிர்ப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார். அவரைப் பொறுத்தவரை கொடி ஏற்றியாகிவிட்டது. ஊரைப் பொறுத்தவரை துணி இன்னும் கயிற்றில் பாதி வழியில் இருக்கிறது.

மஹ்ரீனுக்குப் பொறி தட்டியது. இரண்டு பேரும் சொல்வது உண்மை. இரண்டு பேரும் கொடி ஏற்றினார்கள், இரண்டு பேரும் பார்த்தார்கள், இரண்டு பேருக்கும் எதுவும் தெரியவில்லை. அந்த அறுபது பக்கமும் ஒரே நொடியில் அவளுக்குப் புரிந்துபோயிற்று. மூளை ஒரு எண்ணை எழுதும்போது அது நேரே நினைவகத்துக்குப் போவதில்லை. கைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இடத்தில் போட்டுவிட்டு, அது போய்ச் சேர்வதற்கு முன்பே அடுத்த வரியான பார்க்கிற வேலைக்குப் போய்விடுகிறது. ஒரே மூளை இருந்தவரை தான் எழுதியது தனக்குத் தெரியும், வம்பில்லை. இரண்டு மூளை ஆனதும் ஒன்று எழுதியது மற்றதன் கண்ணுக்குப் போய்ச் சேரவில்லை. எண் உடையாது என்றுதான் அட்டாமிக் உறுதி சொல்கிறதே தவிர, எப்போது போய்ச் சேரும் என்று சொல்லவில்லை. கிழியாத துணி என்பதற்காக அது சீக்கிரம் மேலே ஏறிவிடுமா என்ன!

சண்டை நடந்துகொண்டிருக்க, அவள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு உள்ளே ஓடினாள். கேமராப் பக்கத்தில், எழுதுகிற வரிக்கும் பார்க்கிற வரிக்கும் நடுவே ஒரே ஒரு வரி சேர்த்தாள். நினைவகத் தடுப்பு. எழுதியது போய்ச் சேரும்வரை அடுத்ததைப் பார்க்காதே என்று மூளைக்குச் சொல்லும் கட்டளை. காலை டீ இடைவேளைக்கு மெஷின் நிற்கும் நேரமாகப் பார்த்து ஏற்றினாள். பெத்தணன் அவளுக்கும் ஒரு டீ கொண்டுவந்து நீட்டி, நோன்பு ஞாபகம் வந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு அதையும் தானே குடித்தார்.

அண்ணாச்சியிடம் போய் முடுக்கைக் காட்டியே விஷயத்தைச் சொன்னாள். கம்ப்யூட்டர் பேச்சென்றால் கண் சொருகிவிடும் மனுஷன், வேன் பேச்சென்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். கொடி மேலே ஏறியதும் கருப்பணன் வண்டியைத் தட்ட வேண்டும், தட்டின பிறகுதான் கோட்டைச்சாமி எதிர்க் கொடியைப் பார்க்க வேண்டும் என்று அப்போதே உத்தரவு போட்டார். பெட்டிக்கும் சேர்த்துத் தானே தீர்ப்பு சொல்லிவிட்டது போல அவருக்கு ஒரு பெருமை. மஹ்ரீனுக்கு வானத்துக்கும் பூமிக்குமாகக் குதிக்க வேண்டும் போல இருந்தது. அன்று நோன்பு திறக்கும்போது கஞ்சியை மறந்துவிட்டு அத்தாவுக்கு இதையே விளக்கினாள். அப்துல் ஹலீம் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அப்படியென்றால் தப்பு டிரைவர் மேலா கிளீனர் மேலா என்று கேட்டார். எழுதின என் மேல் என்றாள் மகள், சிரித்துக்கொண்டே.

புதன்கிழமை காலையிலிருந்து பெட்டி நிற்காமல் ஓடியது. பிற்பகல் மூன்று மணிக்கு முடுக்கில் மறுபடியும் கூச்சல். மஹ்ரீன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். அதே வளைவு, அதே இரண்டு வேன், அதே மூக்குக்கு மூக்கு.

கோட்டைச்சாமி இந்தத் தடவை அழாத குறையாகச் சொன்னார். கருப்பணன் தட்டினார், அதற்குப் பிறகுதான் நான் பார்த்தேன், எதிரே கொடி இல்லை, கிளம்பினேன் என்று. பார்த்தவர்கள் நாலு பேர் ஆமாம் என்றார்கள். நாகையாவோ நேற்று செய்த மாதிரியேதான் இன்றைக்கும் செய்திருந்தார். கோட்டைச்சாமியின் கொடி ஏறுவதற்கு முன்பே அவர் பார்த்தாயிற்று. அவருடைய கொடியோ கோட்டைச்சாமி பார்த்த பிறகுதான் மேலே போனது. அவருக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும், அவர் வேறு கம்பெனி.

ஜன்னலில் நின்ற மஹ்ரீனுக்கு அப்போதுதான் உறைத்தது. அவளும் கேமராப் பக்கத்தை மட்டும்தான் திருத்தியிருந்தாள். வாசிக்கிற பக்கம் இன்னும் நாகையாவாகவே இருக்கிறது. பெட்டி நிற்காமல் ஓடுவது அதிர்ஷ்டம், அவ்வளவுதான். இந்த நிமிஷம் நிற்கலாம். நாளைக்கு நிற்கலாம். அடுத்த இடைவேளைவரை காத்திருக்க முடியாது.

மெஷின் அறைக்கு ஓடினாள். அண்ணாச்சி அங்கேயேதான் நின்றிருந்தார், ஓடுகிற அழகைப் பார்த்துக்கொண்டு. அவள் நேரே போய் மெஷினின் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். தடதடவென்ற சத்தம் அடங்கியது. பெத்தணன் விக்கித்துப்போனார்.

அண்ணாச்சியின் முகம் கறுத்தது. "என்னம்மா, நின்னா கழட்டிருவேன்னு சொன்னேனா இல்லையா?"

"அது நிக்கல அண்ணாச்சி. நான்தான் நிறுத்துனேன். கோட்டைச்சாமி அண்ணன் சரியாத்தான் செஞ்சாக. அப்படியும் ஏன் முடுக்குல மறுபடி வண்டி முட்டிக்கிட்டு நிக்குது?"

அண்ணாச்சி யோசித்தார். "அந்த நாகையாப் பய மாறலையே."

"இங்கனயும் நான் ஒரு ஆளைத்தான் மாத்திருக்கேன். ஒரு கால் மணி நேரம் குடுங்க, இன்னொருத்தனையும் மாத்திர்றேன்."

அண்ணாச்சி கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பெட்டியின் மேல் வைத்தார். பிறகு, நாகையாவின் முதலாளியிடம் பேசிவிட்டு வருகிறேன் என்று முடுக்குப் பக்கம் போய்விட்டார்.

மஹ்ரீன் மளமளவென்று அடித்தாள். வாசிக்கிற பக்கம், 'தூங்கப் போறேன்' என்று எழுதுகிற வரிக்கும், துண்டு இருக்கிறதா என்று பார்க்கிற வரிக்கும் நடுவில் அதே ஒரு வரி. அவசரத்தில் ஓர் எழுத்தை விட்டுவிட, கம்ப்யூட்டர் ஏற்க மறுத்தது. திருத்தினாள். ஏற்றினாள். பெத்தணனைப் பார்த்துத் தலையசைத்தாள். பதினொரு நிமிஷம் ஆகியிருந்தது. மெஷின் மறுபடியும் தடதடத்தது. வெளியே அண்ணாச்சியும் பக்கத்துக் கம்பெனிக்காரரும் பேசி முடித்து, இனிமேல் இரண்டு முனையிலும் தட்டின பிறகே பார்ப்பது என்று முடிவாகியிருந்தது.

வியாழக்கிழமை விடிந்ததிலிருந்து மஹ்ரீன் பெட்டியை விட்டு அசையவில்லை. பத்து மணி. பன்னிரண்டு மணி. மதியம் லுஹர் தொழுகைக்குப் போனபோதுகூடக் காது மெஷின் சத்தத்தில்தான் இருந்தது, அல்லாஹ் மன்னிக்கட்டும் என்று பிறகு சொல்லிக்கொண்டாள். லோடு வேன் வாசலில் வந்து நின்றுவிட்டது. கோட்டைச்சாமி கட்டுக்களை ஏற்றிக்கொண்டே இருந்தார்.

நாலரை மணிக்கு அஸர் தொழுகைக்காகப் பின்பக்கக் குழாயடியில் ஒளு செய்துகொண்டிருந்தாள். முகத்தைக் கழுவி, முழங்கைவரை நனைத்திருக்கிறாள். சத்தம் நின்றது.

சொட்டுச் சத்தம் இல்லை. குழாய்த் தண்ணீர் ஓடுவது மட்டும் கேட்டது. அவளுக்கு உலகமே நின்றுபோன மாதிரி இருந்தது. குழாயை மூடக்கூடத் தோன்றாமல், ஈரக் கையும் ஈர முகமுமாக உள்ளே ஓடினாள். அந்தப் பத்து எட்டுக்குள் டிடிபி நாற்காலி, கொட்டாவி, மங்களகரமான, ஆறு பெண்களின் சிவந்த கண், எல்லாம் வந்து போயின. மூன்றாவதாக ஒரு தப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்று அவளால் யோசிக்கவே முடியவில்லை.

மெஷின் நின்றிருந்தது. பெத்தணன் அதில் சாய்ந்துகொண்டு நிதானமாக வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். அவள் கோலத்தைப் பார்த்துப் பதறிவிட்டார்.

"ஏன் தாயி இப்படி ஓடியாறீக? நம்பர் தீந்துபோச்சு. கடைசி டிக்கெட் அடிச்சாச்சு. இனிமே அடிக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல."

பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அடுத்த தாளுக்காகக் காத்திருந்தது, அவ்வளவுதான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. முகம் ஈரமாக இருந்ததால் எது என்று யாருக்கும் தெரியவில்லை.

பக்கத்து அறையில் அண்ணாச்சி போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். போனில் பேசினால் தெருமுனை வரைக்கும் கேட்கிற குரல் அவருக்கு.

"ஆமா, டிடிபிக்கு ஒரு ஆள் வேணும். திங்கக்கெளமையே வரச் சொல்லுங்க... முந்தி இருந்த பிள்ளையா? அது இனிமே அந்த நாக்காலிக்கு வராது. அதுக்கு இங்கன வேற வேலை இருக்கு."

மஹ்ரீன் எழுந்தாள். குழாயடிக்குத் திரும்பிப் போனாள். தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பாதியில் விட்டிருந்த ஒளுவை முதலிலிருந்து, வரிசை மாறாமல், ஆரம்பித்தாள்.